கேளுங்கள், சொல்கிறேன்: பொனான் ஆண்டவரும் ஆயாவின் செபப் புத்தகமும்

சென்ற இதழில் புதுச்சேரி மிஷன் வீதியைப் பற்றி எழுதும்போது, என் ஆயா வைத்திருந்த பழைய செபப் புத்தகத்தைச் சொல்லி, "இதெல்லாம் பொனான் ஆண்டவர் காலத்து விதை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் வருஷக்கணக்காகக் காத்திருந்த கேள்விகள் இவை. அதனால் ஊர்ப்பெயர், இலக்கணம், வைத்தியம் பற்றிய கடிதங்களை எல்லாம் அடுத்த மாதத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன். எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: யார் இந்தப் பொனான் ஆண்டவர்? ‘பொன்னன்’ மாதிரி நம்ம ஊர்ப் பெயராகத் தெரிகிறதே?
- கல்லூரி மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பெயர் காதுக்கு அப்படித்தான் விழுகிறது தம்பி. ஆள் பிரான்சுக்காரர். கிளமான் பொனான் என்று முழுப்பெயர். லியோன் நகரத்துக்குப் பக்கத்தில் சேன் மொரீஸ் சூர் தார்குவார் என்ற கிராமத்தில் 1796 மே 20ஆம் தேதி பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது. கோயில்களைப் பூட்டி, குருக்களைத் துரத்திய காலம் இன்னும் முழுசாக விலகவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பிறந்த பிள்ளை குருவாகி, பாரிஸ் வேதபோதக சபையில் சேர்ந்து, 1824இல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல்தான். ஆகவே ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வர வேண்டிய பயணம்.

வந்தவரை முதலில் தெலுங்கு பேசும் ஊர்களுக்கு அனுப்பினார்கள். அங்கே மொழி படித்து, ஜனங்களோடு இருந்து பழகினார். 1833இல், புதுச்சேரியில் இருந்த எபேர் ஆண்டவருக்குத் துணையாக, அவருக்குப் பிறகு பொறுப்பேற்கும் உரிமையோடு ஆயர் ஆனார். 1836இல் எபேர் ஆண்டவர் காலமானதும் முழுப்பொறுப்பும் இவர் தலையில் வந்தது. ‘சோழமண்டலக் கடற்கரை’ என்று ரோமாபுரி இந்தப் பகுதியைத் தனி மறைவட்டமாக ஆக்கியதும் அதே வருஷம். அதிலிருந்து 1861 வரை இருபத்தைந்து வருஷம் அவர்தான்.

(கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு: ஆயரை எங்கள் வீடுகளில் ‘ஆண்டவர்’ என்போம். பழைய எழுத்தில் ‘மேற்றிராணியார்’ என்று இருக்கும். கடவுளைச் சொல்லும் ஆண்டவர் வேறு. பேச்சில் யாருக்கும் குழப்பம் வராது.)

அந்த இருபத்தைந்து வருஷத்தில் நடந்தவற்றை மற்றக் கடிதங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடற்கரையிலிருந்து மைசூர் வரை பரந்து கிடந்த எல்லை அவருடையது. இவ்வளவு பெரிய இடத்தை ஒரு ஆள் பார்க்க முடியாது என்று சொல்லி, பிரித்துக் கொடுக்க வழி செய்தார். 1845இல் மைசூரும் கோயம்புத்தூரும் தனியாயின. மைசூருக்கு ஷார்பொனோ, கோயம்புத்தூருக்கு மரியோன் பிரெசிய்யாக். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வருவார்கள். எல்லையைப் பெரிசாக்கியவர்களின் பெயர்தான் பாடப் புத்தகத்தில் வரும். சுருக்கிக்கொண்டவர் மேல் எனக்கு மரியாதை ஜாஸ்தி.

கேள்வி: அவர் ‘திரூசிப்பாரா ஆயர்’ என்று ஓரிடத்தில் படித்தேன். அது எந்த ஊர்? புதுச்சேரி ஆயர் என்று ஏன் போடவில்லை?
- ஓய்வுபெற்ற தபால் ஊழியர், நெல்லிக்குப்பம்

பதில்: திரூசிப்பாரா பழைய திரேஸ் நாட்டில், இப்போதைய துருக்கியின் ஐரோப்பியப் பக்கத்தில் இருந்த ஊர். அந்தக் காலத்தில் இந்தியாவில் ஆயர்களை நியமிக்கும் உரிமை தனக்கே என்று போர்த்துக்கல் அரசு சொல்லிக்கொண்டிருந்தது. மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606இலிருந்தே அவர்கள் கையில். அதோடு மோதாமல் வேலை நடக்க வேண்டும். அதனால் எப்போதோ அழிந்துபோன ஒரு பழைய ஊரின் பட்டத்தைக் கொடுத்து, பாப்பரசரின் பிரதிநிதி என்ற பெயரில் இங்கே வைத்தார்கள். 1838இல் பாப்பரசர் போர்த்துக்கல் ஆயர்களின் அதிகாரத்தைக் குறைத்து ஆணையிட்டதும் சண்டை இன்னும் முற்றியது. கிராமங்களில் ஒரே கோயிலுக்கு ‘கோவை சாமியார்’, ‘பிரெஞ்சு சாமியார்’ என்று இரண்டு கட்சி. இந்தக் கோவை நம்ம கோயம்புத்தூர் அல்ல, கோவாவைப் பழைய கிறிஸ்தவத் தமிழில் அப்படித்தான் எழுதினார்கள்.

புதுச்சேரிக்கு முறையான பேராயர் பட்டம் வந்தது 1886இல், பதின்மூன்றாம் லியோ பாப்பரசர் இந்தியாவுக்கு என்று மறைமாவட்டங்களை ஏற்படுத்தியபோது. அப்போது இருந்தவர் லவுனான் ஆண்டவர். எனவே முதல் பேராயர் என்ற பெயர் அவருக்குப் போனது.

கேள்வி: 1844இல் புதுச்சேரியில் ஒரு பெரிய ‘சங்கம்’ கூடியது என்கிறார்கள். குருக்கள் கூடிப் பேசுவதில் அப்படி என்ன விசேஷம்?
- பள்ளி ஆசிரியை, முதலியார்பேட்டை

பதில்: டீச்சர், நீங்கள் கேட்டதற்கு நான்கு பக்கம் எழுதலாம். சுருக்கிச் சொல்லப் பார்க்கிறேன்.

1844 ஜனவரியில் பொனான் ஆண்டவர் தன்னோடு வேலை செய்த குருக்களை எல்லாம் ஊர் ஊராக இருந்து வரவழைத்தார். மாட்டுவண்டியிலும் குதிரையிலும் வந்து சேர்ந்தார்கள். பிப்ரவரி நடுவரை பேராலயமான சம்பா கோயில் வளாகத்தில் பேச்சு. பூசை ஒழுங்கு, திருமணச் சட்டம், பள்ளிக்கூடம், ஊர் ஊராக ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்கள் என்று பல விஷயம். ஆனால் நடுநாயகமாக வந்து உட்கார்ந்தது ஒரே கேள்விதான். இந்த நாட்டுக் கோயிலை இந்த நாட்டுக்காரர்களே நடத்தும் நாள் எப்படி வரும்?

இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அப்போது கும்பினி ஆட்சி. பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த இந்தக் கடலோரத் துண்டிலும் வெள்ளைக்காரத் தெரு வேறு, கறுப்பர் தெரு வேறு. கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருப்பவன் பீடத்தில் நின்று பூசை வைக்கலாம், பங்கை (ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த ஜனங்களும்) நடத்தலாம், நாளைக்கு ஆயராகவே ஆகலாம் என்று அதே ஊரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். உள்ளூர்க் குருக்கள் முன்னாலேயே சிலர் இருந்தார்கள். ஆனால் எப்போதும் வெள்ளைக்காரக் குருவுக்குக் கீழே, எடுபிடி மாதிரி. அதை மாற்ற வேண்டும், பையன்களுக்கு நல்ல படிப்புக் கொடுக்க வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. அதே 1844இல் சிறு குருமடப் பள்ளி தொடங்கியது. இன்று புதுச்சேரியில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லும் பெத்தி செமினார் அதுதான். குருவாகாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளும், எல்லா மதத்துப் பிள்ளைகளும் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

சங்கத் தீர்மானங்களை ரோமாபுரிக்கு எடுத்துப் போனவர் லுய்கே என்ற இளம் குரு. குருவாவதற்கு முன் கட்டடக் கலைஞர். புதுச்சேரிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் கை. உள்ளூர்க் குருக்களை வளர்க்காமல் இத்தனை நூற்றாண்டு வீணாக்கிவிட்டோம் என்று ரோமில் அச்சிட்டே கொடுத்துவிட்டார். அதன் விளைவுதான் 1845 நவம்பர் 23இல் ரோமில் மறைப்பணியைக் கவனிக்கும் மறைபரப்புப் பேராயத்திலிருந்து வந்த சுற்றறிக்கை. எல்லா நாட்டு மறைப்பணியாளருக்கும் போனது அது. உள்ளூர் ஆள்களைக் குருவாக்குங்கள், அவர்களை என்றைக்கும் உதவியாளாகவே வைத்திருக்காதீர்கள், ஆயர் பொறுப்புக்கும் தயார்படுத்துங்கள் என்று அதில் இருந்தது. சீனா, வியட்நாம் வரைக்கும் போன ஒரு கட்டளைக்கு மூலம் நம்ம மிஷன் வீதிப் பேச்சு!

லுய்கேவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரோமில் அவரை ஆயராக்கி, பொனான் ஆண்டவருக்குத் துணை என்று அறிவித்தார்கள். இங்கே இருந்த குருக்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. வயசில் சின்னவர், வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, வாய் நீளம். அவர் திரும்பி வரவே இல்லை. 1858இல் ரோமிலேயே இறந்துபோனார். அவருக்காக நான் வருஷத்துக்கு ஒரு பூசை சொல்லி வைக்கிறேன். என் தகப்பனார் உபதேசியார். கடலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளில் போய் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்து, சாவுக்கும் கல்யாணத்துக்கும் முதலில் போய் நின்றவர். ‘இந்த ஆளால் முடியும்’ என்று 1844இல் யாரோ சிலர் எங்களை நம்பிப் பேசினார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கேள்வி: ‘ஆயாவின் செபப் புத்தகம்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் பெண்கள் எப்படிப் படித்தார்கள்? என் பாட்டிக்குக் கைநாட்டுதான்.
- இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: என் கொள்ளுப்பாட்டிக்கும் கைநாட்டுதான் அம்மா. ஆனால் புத்தகம் அவளுடையது. படிக்கத் தெரியாதவள் எதற்குப் புத்தகம் வாங்கினாள் என்று ஆயாவைக் கேட்டிருக்கிறேன். "எம்மா படிப்பான்னு வாங்கி வெச்சா" என்பாள். அதாவது, என் பெண் படிப்பாள் என்று. ஆயா வீட்டில் பெண்ணை ‘எம்மா’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

சங்கம் கூடிய அதே 1844இல், அக்டோபர் 16ஆம் தேதி, புதுச்சேரியில் ஒரு கன்னியர் சபை பிறந்தது. ஏற்படுத்தியவர் துய்ப்புயி சுவாமி, லூயி சவினியன் துய்ப்புயி. அச்சுக்கூடத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். தமிழ்ப் பெண்களே கன்னியராகி, தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சபையின் முதல் வேலை. இன்று மரியாயின் மாசற்ற இருதய சபை என்கிறோம். அப்போது எழுத்துத் தெரிந்த பெண் என்றால் தேவரடியார் வீட்டுப் பெண் என்றே ஊர் நினைக்கும். குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதுக்கு என்று வாசலில் நின்று சண்டை போட்டிருப்பார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் இப்படி ஒரு சபைக்கு ஆயர் அனுமதி கொடுத்தார், துணை நின்றார். பொனான் ஆண்டவர் செய்ததில் எங்கள் வீட்டுக்குள் வரை நடந்து வந்தது இதுதான்.

ஆயா கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் போனாள். அது போதுமாக இருந்தது அவளுக்கு.

புத்தகத்தை எப்படிச் சொல்வது? உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. அட்டை போய், அம்மாவின் பழைய சுங்கடிப் புடவைத் துண்டால் தைத்த உறை. உள்ளே குருத்தோலை ஞாயிறு ஓலையைச் சிலுவையாக மடித்து அடையாளம் வைத்திருப்பாள். வருஷா வருஷம் பழையதை விபூதித் திருநாளுக்குக் கோயிலில் கொடுத்துவிட்டு, புது ஓலை வந்ததும் அதை மடித்து வைப்பாள். முதல் பக்கத்தில் ‘புதுவை, சன்மராக்கினி மாதாகோவில் அச்சுக்கூடம்’ என்று பெரிய எழுத்து. ஆண்டு இருந்த மூலையைக் கறையான் தின்றிருந்தது. உள்ளே எழுத்து முழுக்கப் பழைய வார்ப்பு. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததே, அதற்கு முன் ‘லை’, ‘னை’ எல்லாம் தலையில் கொம்பு வளைத்து இருக்குமே, அந்த மாதிரி. எனக்குத் தமிழ் எழுத்தில் முதலில் பழக்கமானது அந்தக் கொம்புதான்.

தபசு காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) சாயந்திரம் விளக்கு வைத்ததும் ஆயா திண்ணையில் உட்காருவாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அதில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இருந்தார்கள். விரலை வரிக்குக் கீழே வைத்து, இழுத்து இழுத்து ராகமாகப் படிப்பாள். ‘சர்வேசுரன்’ (கடவுள்), ‘அர்ச்சியசிஷ்ட’ (புனித), ‘இஸ்பிரீத்துசாந்து’ (பரிசுத்த ஆவி). இஸ்பிரீத்துசாந்து போர்த்துக்கீசிய வார்த்தை என்று நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். ஆயாவுக்கு அது சுத்தத் தமிழ். இயேசுவின் பாடுகள் வரும் பக்கத்தில் விரல் நின்றுவிடும். மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த வரி. அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் மற்றதைவிடக் கறுத்திருக்கும்.

நான் பிறகு முப்பத்து மூன்று வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். முதல் பாடம் அந்தத் திண்ணையில் ஆனது.

கேள்வி: அந்த அச்சுக்கூடத்தில் செபப் புத்தகம் மட்டும்தான் போட்டார்களா?
- தமிழ் முதுகலை மாணவி, விருத்தாசலம்

பதில்: உங்கள் ஊர்க்காரருக்கே அந்த அச்சுக்கூடம் பெரிய உபகாரம் செய்திருக்கிறது! வீரமாமுனிவர் உங்கள் விருத்தாசலத்துப் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் கட்டினாரே, அவருடைய தேம்பாவணி நூற்றாண்டுக்கு மேல் ஏட்டிலேயே இருந்தது. 1851 முதல் 1853 வரை மூன்று பாகமாக முதலில் அச்சானது புதுவையில்தான், பொனான் ஆண்டவர் பொறுப்பில் இருந்தபோது. அப்புறம் முசே சுவாமியும் துய்ப்புயி சுவாமியும் சேர்ந்து செய்த தமிழ் பிரெஞ்சு அகராதி, 1855இலும் 1862இலும் இரண்டு பாகமாக வந்தது. தமிழ் படிக்கும் வெளிநாட்டுக்காரர் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். ‘சன்மராக்கினி’ என்பது சென்ம பாவம் இல்லாமல் உற்பவித்த இராக்கினி, பேராலயத்து மாதா. ஊர் அழைப்பது சம்பா கோயில். பழைய சேசு சபையாரைச் ‘சம்பாவுலு’ சாமியார்கள் என்பார்கள், சாவோ பாவுலோ என்ற போர்த்துக்கீசிய வார்த்தை தேய்ந்தது. இன்று நிற்கும் கோயில் 1791இல் முடிந்தது. முந்தைய கோயிலை 1761இல் ஆங்கிலேயர் ஊரோடு சேர்த்து இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

கேள்வி: உள்ளூர்க் குருக்கள், உள்ளூர் ஆயர்கள் என்று பெருமையாகப் பேசுகிறீர்கள். சாதியைப் பற்றி உங்கள் ஆண்டவர் என்ன செய்தார்? எங்கள் தாத்தா கோயிலுக்குள் தனியாக உட்கார்ந்தவர்.
- வாசகர், கள்ளக்குறிச்சி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசை மேலேயே வைத்திருந்தேன். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதால்தான்.

அனந்தரங்கப் பிள்ளை 1745 நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சம்பா கோயிலுக்குள் வடக்குப் பக்கம் தாழ்த்தப்பட்டவர்களைத் தனியாகப் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த சாமியார் அதைப் பார்த்துவிட்டுக் கேட்க, சுவரை எடுத்தார்கள். உடனே மற்றச் சாதிக்காரர்கள் திரண்டு வந்து தகராறு. சுவர் போனாலும் பழக்கம் போகவில்லை. நூறு வருஷம் கழித்து பொனான் ஆண்டவர் காலத்திலும் உட்காரும் இடம் வேறு, கல்லறை வேறு. அவர் அதை உடைக்கவில்லை. உடைத்தால் ஜனம் சிதறிவிடும் என்று பொறுத்துப் போனார்கள், அவரும் அவரோடு இருந்தவர்களில் பெரும்பாலோரும். அவர் மேல் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான். சீனா வரைக்கும் கேட்கும்படி பேசியவர்களுக்கு, பீடத்துக்கு நேர் எதிரே இருந்த பிரிவு கண்ணில் பட்டும் கை எழவில்லை.

கோயம்புத்தூருக்குப் போன பிரெசிய்யாக் என்று மேலே சொன்னேனே, அவர் மனசாட்சியை இது அரித்தது. கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பழக்கங்களை எதுவரை பொறுப்பது என்று ரோமாபுரியிடம் தெளிவு கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. 1855இல் ஆயர் பதவியையே விட்டுவிட்டார். அடுத்த வருஷம் லியோனில் ஆப்பிரிக்காவுக்கான மறைபரப்புச் சபையை ஆரம்பித்து, 1859 ஜூன் 25இல் ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அங்கே போய்ச் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

நம்ம காலத்துக்கு வருவோம். உங்கள் பக்கத்து எறையூரில் 2008 மார்ச் 9 அன்று, தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. இரண்டு பக்கமும் ஒரே மாதாவுக்குத் தேர் இழுத்தவர்கள். 2022 ஆகஸ்ட் 27இல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால். அன்றைக்கு நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். தமிழ்நாட்டிலும் புதுவையிலும் தலித் ஆயர்கள் வேண்டும் என்ற குரல் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது நியாயமான குரல். 1844 சங்கத்துப் பேச்சை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டால், உங்கள் தாத்தா உட்கார்ந்த இடத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: முதல் தமிழ்ப் பேராயர் எப்போது வந்தார்? பெயரில் கடலூர் சேர்ந்தது எப்படி?
- வியாபாரி, கடலூர் முதுநகர்

பதில்: 1899இல் கும்பகோணம் பிரிந்தது, 1930இல் சேலம் பிரிந்தது. 1953இல் மீதி இருந்த மறைமாவட்டத்தின் பெயரில் கடலூரைச் சேர்த்தார்கள். அதன் பங்குகளில் பெரும்பாலானவை அப்போதைய தென்னார்க்காடு ஜில்லாவில்தானே இருந்தன. நம்ம கடலூர்க்காரர்களுக்கு அது ஒரு சந்தோஷம்.

1954 நவம்பர் 1இல் பிரெஞ்சுக்காரர் கொடியை இறக்கினார்கள். அடுத்த வருஷமே அப்போதைய பேராயர் கோலா ஆண்டவர் விலகி, அம்புரோஸ் ராயப்பன் ஆண்டவர் 1955இல் பேராயரானார். முதல் இந்தியர், முதல் தமிழர். 1844இல் பேசியது கைக்கு வர நூற்றுப் பதினொரு வருஷம். தூத்துக்குடிக்கு 1923லேயே இந்தியரான ரோச் ஆண்டவர் வந்துவிட்டார். நம்மிடமிருந்து பிரிந்த கும்பகோணத்துக்குக்கூட 1931இல் இந்திய ஆயர். பேச்சைத் தொடங்கிய ஊர்தான் கடைசியில் காத்துக்கொண்டு நின்றது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எனக்கு அப்போது மூன்று வயசு. ஆயா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனாளாம், புது ஆண்டவரைப் பார்க்க. எல்லையில் சுங்கக்காரர் பையைப் பிரிக்காமல் பஸ் நேராகப் போனதே அவளுக்கு அதிசயம். கூட்டத்தில் முண்டியடித்துப் போய் மோதிரம் முத்தி செய்தாள். திரும்பி வந்து தெருவில் எல்லோரிடமும் சொன்னது, "நம்ம நெறம்டி" என்பதுதான். அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அம்புரோஸ் ஆண்டவர் 1973 வரை இருந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி, பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்ததும் அவர் காலத்தில்தான்.

கேள்வி: பொனான் ஆண்டவர் காசியில் இறந்தார் என்பது நிஜமா? ஒரு கிறிஸ்தவ ஆயர் அங்கே எதற்குப் போனார்?
- அர்ச்சகர் குடும்பத்து வாசகர், வில்லியனூர்

பதில்: நிஜம்தான் ஐயா. இந்தியாவில் உள்ள எல்லா மறைவட்டங்களையும் நேரில் போய்ப் பார்த்து, எங்கே என்ன குறை, எங்கே பிரிக்கலாம், உள்ளூர்க் குருக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதி அனுப்பும் பொறுப்பை ரோமாபுரி அவரிடம் கொடுத்தது. 1859இல் கிளம்பினார். வயசு அறுபத்து மூன்று. சிப்பாய்க் கலகம் ஓய்ந்து ஒரு வருஷம்கூடச் சரியாக ஆகவில்லை. தெற்கே முதல் ரயிலே 1856இல்தான், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும். மற்ற தூரமெல்லாம் பல்லக்கும் மாட்டுவண்டியும் படகும். அப்படியே போய் ஒவ்வொரு ஊரிலும் தங்கி, கேட்டு, எழுதிக்கொண்டே கங்கைக் கரை வரைக்கும் போய்விட்டார். அங்கே காலரா பிடித்தது. 1861 மார்ச் 21இல் காசியில் இறந்தார். வேலை பாதியில் நின்றது. மீதி ஊர்களைப் போய்ப் பார்த்து முடித்துக் கொடுத்தவர் மைசூர் ஷார்பொனோ ஆண்டவர், அவர் பிரித்துக் கொடுத்த இடத்துக்குப் போனாரே, அவர்தான்.

காசிக்குப் போய் உயிரை விடுவது பாக்கியம் என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆயாவுக்கு இது தெரிந்திருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆயாவின் புத்தகம் இப்போது என் பேத்தியிடம் இருக்கிறது. அவள் கொம்பு வைத்த ‘லை’யை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருந்தால், முதல் பக்கத்தில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்புங்கள். எந்த அச்சுக்கூடம், எந்த ஆண்டு, ஓரத்தில் யாராவது பெயர் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெண் பெயராக இருந்தால் மறக்காமல் எழுதுங்கள். மழைக்கு முன்னால் எடுத்துப் பார்ப்பது நல்லது. கறையான் மூலையிலிருந்துதான் ஆரம்பிக்கும்.